மேசையில் அப்பா கிடையாது

மார்ச் 4, புதன்

டாக்டர் தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார். மனைவி ரெஜினா இறந்ததிலிருந்து நான் அழவே இல்லை என்று மகள் ஜெசிந்தா அவரிடம் சொல்லிவிட்டாள். அது ஒரு நோயா என்று கேட்டேன். "நோய்னு சொல்ல முடியாது சார். எழுதிப் பாருங்க" என்றார். மாத்திரை தரவில்லை.

நாட்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. ஓய்வு பெறும்வரை கல்லூரியில் வேதியியல் ஆய்வகக் குறிப்பேடுகளைத் திருத்தித்தான் பழக்கம். சோதனையைத் தொடங்குமுன் செய்யப்போவதை எண் போட்டு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. வேறு முறை தெரியாததால் அதையே பின்பற்றுகிறேன்.

இந்த வாரம் எழுத இருப்பவை:

1. கல்லூரிகளின் கூடைப்பந்து இறுதிச்சுற்றும் அதில் என் வேலையும்.
2. ஜெசிந்தாவின் அணி ஆடும் ஆட்டங்கள்.
3. அந்த ஆட்டங்களில் நான் ஸ்கோரராக இருப்பதில் தவறில்லை என்பதற்கான காரணம்: எந்த அணி வென்றாலும் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.
4. சர்க்கரை அளவு, சாப்பாடு.
5. வீட்டு வேலைகள்.

முதலாவது. எங்கள் பகுதிக் கல்லூரிகள் எட்டு சேர்ந்து ஆண்டுதோறும் மகளிர் கூடைப்பந்து லீக் நடத்துகின்றன. ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் ஆடுவார்கள். அது முடிந்ததும் எட்டு அணிகளும் ஓர் ஊரில் கூடி, தோற்றவர் வெளியேறும் முறையில் கடைசியாக ஒரு போட்டி. லீக்கில் எத்தனை ஆட்டம் வென்றிருந்தாலும் கோப்பை இந்தப் போட்டியில் வெல்பவருக்குத்தான். இந்த ஆண்டு எங்கள் ஊரான பெரியகுளத்தில் நடக்கிறது. நான் இளவயதிலேயே ஸ்கோரர் தேர்வு எழுதித் தேறியவன். ஆடத் தெரியாது. ஆடுபவர்களுக்குப் பக்கத்தில் உட்காரத் தெரியும்.

இரண்டாவது. என் மகள் ஜெசிந்தா போடி அணியின் கோச். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. என்னோடுதான் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். எடுப்பதில்லை.

மூன்றாவது. போட்டிச் செயலரிடம் போய், மகளின் அணி ஆடும்போது மட்டும் என்னை விடுவிக்கும்படி கேட்டேன். "சார், உங்க மேல சந்தேகப்படுறவன் இன்னும் பொறக்கல. போய் உக்காருங்க" என்றார். மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

சர்க்கரை, வெறும் வயிற்றில் 142. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

காலிறுதி ஆட்டங்கள். காலையில் ஜெசிந்தாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியிலேயே சொன்னேன்.

"ஜெசி, அங்க வந்து அப்பான்னு கூப்பிடக் கூடாது."

"பின்ன எப்பிடிக் கூப்பிடணும்? தனிஸ்லாஸ்னா?"

"ஸ்கோரர் சார்னு கூப்பிடு. எல்லாக் கோச்சும் அப்பிடித்தான கூப்பிடுறாங்க."

"பிள்ளைங்க சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். மேசையில அப்பா கிடையாது."

அவள் வேகத்தடையில் வேகத்தைக் குறைக்காமல் வண்டியை ஏற்றினாள். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

திறந்தவெளி சிமென்ட் மைதானம். ஒரு பக்கம் பார்வையாளர்கள் உட்காரும் காலரி, எதிர்ப்பக்கம் எங்கள் மேசை. மேசைக்கு இரு புறமும் இரண்டு அணிகளின் பெஞ்சுகள். நான் புள்ளிகளையும் ஃபவுல்களையும் எழுதுகிறேன். என் வலப்பக்கம் கடிகாரத்தோடு வேல்மயில். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், வாய் ஓயாதவர். ஒரு கோச்சுக்கு டைம்-அவுட் வேண்டுமென்றால் என்னிடம் வந்து கையால் சைகை காட்டிக் கேட்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரம் பார்த்து நான் தலையசைத்தால் வேல்மயில் பஸ்ஸரை அழுத்துவார். நான் சொல்லாமல் அவர் அழுத்த மாட்டார். இதுதான் நடைமுறை.

போடியும் திண்டுக்கல்லும் ஆடின. இரண்டாம் கால் பகுதியில் ஜெசிந்தா மேசைக்கு வந்து நின்றாள். இடது உள்ளங்கையை வலது விரல் நுனிகளின் மேல் கவிழ்த்துக் காட்டி, "ஸ்கோரர் சார், டைம்-அவுட்" என்றாள்.

பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேல்மயில் பஸ்ஸரை அழுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"என்ன சார் அநியாயமா இருக்கு? வீட்ல சோறு போடுற பிள்ள, இங்கிட்டு வந்து சார்ங்குது. ராத்திரி ரசம் ஊத்துறப்பவும் ஸ்கோரர் சார்னுதான் கூப்பிடுமா?"

"கடிகாரத்தைப் பாருங்க" என்றேன்.

போடி 61, திண்டுக்கல் 48. அணித்தலைவி முத்துப்பேச்சி மட்டும் 23 புள்ளிகள். குட்டையான பெண். பந்தை வாங்குமுன்பே யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுகிறாள்.

காலரியின் மேல்வரிசையில் ஓர் அம்மாள் தொப்பி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசவில்லை. சாப்பிடும்போது அவர் யார் என்று ஜெசிந்தா சொன்னாள்.

"அவங்க பேரு மீனலோசனிப்பா. கோயம்புத்தூர்ல ஒரு யூனிவர்சிட்டியில டைரக்டரு. அவங்க டீமுக்குக் கோச் தேடுறாங்க. ரெண்டு பேரப் பாத்து வச்சிருக்காங்க. விருதுநகர் கோச் ஒருத்தரு. இன்னொண்ணு நானு."

"நிரந்தர வேலையா?"

"நிரந்தரந்தான். குவார்ட்டர்ஸும் உண்டு. டோர்னமென்ட் முடியிறப்ப சொல்றேன்னாங்க. நாங்க ஜெயிச்சா அவங்களுக்கு யோசிக்கவே வேல இல்ல."

"நல்லது" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தது போலிருந்தது. மோர் இருக்கிறதா என்று கேட்டேன்.

மூன்றாவது குறிப்பில் மாற்றம் தேவையில்லை. வேலை அவளுக்கு, எனக்கு அல்ல. அவள் போனாலும் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. சோறு வைக்கத் தெரியும். ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

அரையிறுதி. போடி 55, கம்பம் 51.

தவக்கால வெள்ளி என்பதால் காலையில் கஞ்சி மட்டும். ஆட்டத்தின் நடுவில் கொஞ்சம் மயக்கமாக வந்தது. வேல்மயில் சட்டைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். சர்க்கரை நோயாளிக்கு மிட்டாய் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். சர்க்கரை இறங்கும்போது அதுதான் சரியான வைத்தியம் என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். மூன்றாம் கால் பகுதியில் ஜெசிந்தா ஓர் ஆளை மாற்ற வேண்டும் என்று கேட்டு வந்தாள். வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுபவர் கைக்குப் பந்து போய்விட்டால் மாற்றக் கூடாது. போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. "முடிஞ்சிருச்சு, அடுத்த முறை" என்றேன். அவள் திரும்பிப் போனாள். மாற்றப்பட வேண்டிய பெண் களைத்துப்போய் அடுத்த நிமிடமே ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினாள்.

"ரெஃப்ரி கையிலதான் சார் பந்து இருந்துச்சு" என்றார் வேல்மயில். "அடுத்த வீட்டுப் பிள்ளைன்னா விட்டிருப்பீங்க."

"எனக்கு அப்படித் தெரியலை."

"தெரியாது. மகளுக்கு எதிரா ஒரு புள்ளி சாஞ்சாத்தான் உங்களுக்கு நேரா நிக்கிற மாதிரி இருக்கும்."

வேல்மயில் விளையாட்டாகச் சொல்கிறார். இருந்தாலும் யோசித்தேன். ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் மறுபக்கம் சாய்வதும் பிழைதான். ஆய்வகத்தில் இதற்குத் திருத்தம் போடுவோம். இங்கே எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் சொன்னாள்: "நேரத்துக்குத்தான்பா கேட்டேன்."

"லேட்."

"சரி, ஸ்கோரர் சார்."

ஞாயிறு மாலை விருதுநகரோடு இறுதி ஆட்டம். அந்த வேலைக்கு நிற்கும் இருவரும் எதிரெதிர்ப் பெஞ்சில்.

மார்ச் 7, சனி

ஓய்வு நாள். ஜெசிந்தா பெண்களைப் பயிற்சிக்கு அழைத்துப் போய்விட்டாள்.

குழாய்க்கு வாஷர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். வாஷர் வாங்கினேன். பக்கத்துக் கடையில் ஒரு மேசை மின்விசிறியும் வாங்கினேன். ஜெசிந்தாவின் அறைக்கு. அவள் அறையில் இருப்பது நன்றாகத்தான் ஓடுகிறது. ஏன் வாங்கினேன் என்று யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. ஏப்ரலில் வெயில் அதிகமாகும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

மத்தியானம் நானே சமைத்துப் பார்த்தேன். சாதம் குழைந்துவிட்டது. பருப்பு வேகவில்லை. ரெஜினா இரண்டையும் ஒரே குக்கரில் வைப்பாள். எப்படி என்று கேட்டுக்கொண்டதில்லை. சாப்பிட்டேன். ருசி எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே எதிலும் ருசி தெரிவதில்லை. ஆகவே இதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

மாலையில் அவள் வந்து விசிறியைப் பார்த்தாள்.

"எதுக்குப்பா இது?"

"வெயில் வருதுல்ல."

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, "கெடைச்சா நீங்களும் வாங்கப்பா. குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம் இருக்கு" என்றாள்.

"எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்ன வேல?"

பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. முத்துப்பேச்சி. ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டதாம். ஜெசிந்தா தன்னுடைய ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இங்கே எனக்கு என்ன வேலை என்று நானும் யோசித்தேன். ரெஜினாவின் கல்லறை இருக்கிறது. அதற்கு நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மார்பிள் போட்டாயிற்று.

சர்க்கரை 198. குழைந்த சாதம் காரணமாக இருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனேன். மாலை இறுதி ஆட்டம். விருதுநகர் 58, போடி 57.

கடைசி வரை போடிதான் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. முத்துப்பேச்சி கையிலிருந்து பந்து நழுவியது. விருதுநகர்ப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ரிங்கில் போட்டாள். கடிகாரத்தில் ஏழு வினாடி மீதி. போடிக்கு இன்னும் ஒரு டைம்-அவுட் கையில் இருந்தது. அதை எடுத்திருந்தால் கோச் பேச நேரம் கிடைக்கும். அதோடு பந்தை முழு மைதானத்தையும் கடந்து கொண்டுபோக வேண்டியதில்லை, எதிர்ப் பாதியிலிருந்தே உள்ளே போடலாம். எடுக்கவில்லை. போடிப் பெண்கள் அவசரத்தில் பந்தைத் தூக்கி எறிந்தார்கள். எதிரணிப் பெண் பிடித்துக்கொண்டாள். முடிந்தது.

மைதானத்தில் சத்தம் அதிகம். ஒருவர் பறை அடித்துக்கொண்டிருந்தார். காலரியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் விருதுநகரின் அந்த இரண்டு புள்ளிகளை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது தலையைத் தூக்கக் கூடாது, வரிசை மாறிவிடும். அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் காதில் விழுவதற்கு வாய்ப்பில்லை. என் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

"ஜெசி கையக் காட்டுன மாதிரி இருந்துச்சே சார்" என்றார் வேல்மயில். "நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு நான் அமுக்கல."

"எனக்குக் கேக்கலை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா கதவருகில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "நான் கூப்பிட்டது கேட்டுச்சாப்பா?"

"ரொம்பச் சத்தம்மா."

"ஆமா. சத்தந்தான்" என்றாள்.

தலைவலி. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

நேற்று எழுதியதை இன்று காலை வாசித்தேன். ஒரு மாணவன் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால், சோதனை செய்யாமலே முடிவை எழுதியிருக்கிறான் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்ற ஒரு வரிக்கு இத்தனை காரணங்கள் தேவைப்படாது.

எனக்குக் கேட்டது.

அவள் "டைம்-அவுட்" என்று கத்தவில்லை. "ஸ்கோரர் சார்" என்றும் கூப்பிடவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை. "அப்பா!" என்று கூப்பிட்டாள். பறைச் சத்தத்துக்கு மேலாக அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது கூப்பிட்ட அதே குரல். நான் தலையைத் தூக்கவில்லை. புள்ளியை எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பந்து உள்ளே வந்துவிட்டது.

இதைக் காலை உணவுக்கு முன் எழுதினேன். எழுதிய பின்னும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து போய் வாஷரை மாட்டினேன். குழாய் இப்போது ஒழுகவில்லை.

ஒன்பது மணிக்கு வேல்மயில் போன் செய்தார்.

"சார், அந்த கோயம்புத்தூர் அம்மா கெஸ்ட் ஹவுஸ்ல செக்ரட்டரிகிட்ட பேசிட்டிருந்துச்சு. விருதுநகர்க்காரருக்கே குடுக்கப் போறாங்களாம். ஜெசி தோத்தது பெரிசில்லையாம். கடைசி டைம்-அவுட்ட மறந்துருச்சாம். ஒரு கோச்சு அத மறக்கலாமாங்குது. நம்ம பிள்ள மறக்குற பிள்ளையா சார்?"

"அவங்க எப்ப கிளம்புறாங்க?"

"பத்தரைக்குக் கார் வருதாம்."

ஜெசிந்தா கல்லூரிக்குப் போய்விட்டாள். நேற்று மீனலோசனியிடம் அவள் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது. கேட்டேன், கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சட்டையை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். வழியில் இரண்டு முறை திரும்பிவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். டிரைவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று சொல்லவில்லை.

மீனலோசனி வராந்தாவில் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். உக்காருங்க. ஸ்கோரர் தானுங்க நீங்க?"

"ஆமாங்க. ஜெசிந்தாவோட அப்பா."

முகம் சற்று மாறியது. இந்தப் பேச்சு எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல பொண்ணுங்க. நல்லாப் பழக்கி வச்சிருக்கறா. தோக்கறது பரவால்லீங்க, எல்லாருந்தான் தோக்கறோம். கையில ஒரு டைம்-அவுட்ட வச்சுக்கிட்டு மறந்து நின்னுட்டா பாருங்க, அதுதான் எனக்கு மனசே ஆகல."

"மறக்கலைங்க. கேட்டா."

"யாருகிட்ட?"

"என்கிட்ட. நான் குடுக்கலை."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு மெதுவாகவே சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பெத்தவங்க வந்து பேசறது எனக்குப் புதுசில்லீங்க. போன வருசம் ஒரு அம்மா சேலத்துல இருந்து பஸ் ஏறி வந்து அழுதாங்க. பொண்ணு மேல இருக்கற பழிய நீங்க எடுத்துக்கறீங்க. எங்கப்பா இருந்திருந்தா அவரும் இதத்தான் செஞ்சிருப்பாரு."

இத்தனை ஆண்டுகளில் மேசையில் நான் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இவர் சந்தேகப்படுகிறார். அது நியாயம் என்றும் பட்டது. தகப்பன் சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதானே நானே விதி வைத்தேன்? வேல்மயிலைக் கூப்பிடலாம். ஆனால் அவர் கையைப் பார்த்ததாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது என்பதற்கு என்னைத் தவிரச் சாட்சி இல்லை.

"சரிங்க" என்று எழுந்தேன். வராந்தாப் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். அங்கேயே நின்றுவிட்டேன். அப்படி நிற்க வேண்டும் என்று முடிவு செய்யவில்லை.

"மேடம், எனக்குக் கேட்டுச்சு. அப்பான்னு கூப்பிட்டா. நான் தலையத் தூக்கலை."

"ஏனுங்க?"

"அங்க அப்பான்னு கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"அதுக்காகவா?"

"அதுக்காகன்னுதான் நினைச்சேன்."

உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அவ ஜெயிச்சா உங்க ஊருக்கு வந்துருவா" என்றேன். "வீட்ல நான் ஒருத்தன்தான். அவ கூப்பிட்டப்ப, இப்ப தலையத் தூக்காம இருந்தாப் போதும், இவ எங்கயும் போக மாட்டான்னு இருந்துச்சு. நினைச்சேன்னு சொல்ல முடியாது. இருந்துச்சு. பேனா கையில இருந்ததால எழுதிட்டேன்."

என் குரல் வகுப்பில் பாடம் சொல்வது போல இருந்தது. நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவருக்கு நம்பச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மீனலோசனி டீ கிளாஸைத் தரையில் வைத்தார்.

"பொண்ணுக்காகப் பேச வர்றவங்க இதைச் சொல்ல மாட்டாங்க" என்றார். பிறகு, "ஜெசிந்தாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க."

"நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலைங்க சார்."

கார் வந்தது. பெட்டியைத் தூக்க உதவி செய்யப் போனேன். வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். தோப்புகளில் மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. வழியில் தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன். மாலையில் ஜெசிந்தா வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். "ஏன் இங்க உக்காந்திருக்கீங்க, கொசு கடிக்கும்" என்றாள். உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் அவளுக்குப் போன் வந்தது. அடுப்படியில் நின்று பேசினாள். "சரிங்க மேடம்... ஜூன்லயா... தேங்க்ஸ் மேடம்... இல்ல மேடம், அவர் ஒண்ணும் சொல்லல." பால் பொங்கி வழியும் வாசனை வந்தது.

நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"வேல கெடைச்சிருச்சுப்பா. நேத்து நீங்க அவங்கள பாத்தீங்களாமே. என்ன பேசினீங்கன்னு உங்ககிட்டயே கேட்டுக்கச் சொல்றாங்க."

சொன்னேன். வராந்தாவில் சொன்னதையே வரிசை மாறாமல் சொன்னேன். கடைசிப் பகுதியையும் விடவில்லை. அவள் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கேட்டுச்சுன்னு. நான் கூப்பிட்டதும் உங்க பேனா நின்னுச்சு. தலையத் தூக்கல, ஆனா பேனா நின்னுச்சு. பாத்துக்கிட்டேதான இருந்தேன். அப்புறம் மறுபடி எழுத ஆரம்பிச்சீங்க."

"அப்ப அன்னைக்கே மேடம்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அப்புறம் உங்கள அந்த மேசையில யாரு உக்கார விடுவா? அது ஒண்ணுக்குத்தான் வீட்ட விட்டு வெளிய வர்றீங்க."

பால் பாத்திரத்தைத் தொட்டியில் வைத்தேன்.

"கோவம் இருக்குப்பா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக ஒரு வருசம் ஓடுனது வீணாப்போச்சு. பேச்சி ராத்திரி பூரா அழுதிருக்கா, தன்னாலதான் போச்சுன்னு. அவகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே சொல்றேன்."

"கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட எதுவும் பேசாதீங்க" என்றாள். பிறகு, "இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, ஊசியப் போட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மத்தியானப் பேருந்தில் போடிக்குப் போனேன். விடுதி வாசலில் வைத்து முத்துப்பேச்சியிடம் சொன்னேன். அந்தப் பெண் என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப கப்பு எங்களுக்குத்தான சார் வந்திருக்கும்?" என்றாள். வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். இப்போது நினைத்தால், வந்திருக்கும் என்றே சொல்லியிருக்க வேண்டும். அவள் வணக்கம் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். இனி ஸ்கோரராக உட்காரப்போவதில்லை என்று செயலருக்கு எழுதி, காரணத்தையும் எழுதி, போடித் தபால் நிலையத்திலேயே போட்டுவிட்டேன்.

சர்க்கரை பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது ஜெசிந்தா அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எவற்றை எடுத்துப் போவது, எவற்றை விட்டுப் போவது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் வாசற்படியில் நின்றேன். பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதால் பேசவில்லை. அவளும் என்னைப் போகச் சொல்லவில்லை.

முதல் நாள் எழுதிய வரிசையில் மற்றவை சரியாகவே இருக்கின்றன. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற மூன்றாவது தவறு. எனக்கு நஷ்டம் உண்டு.